முட்டை விழுவதற்கு முன் ஒரு வாய்

ஹேட்சர்ஸ் பெண்ட், அலபாமா
20 பிப்ரவரி 1972

அன்புத் தம்பி லோனிக்கு,

உன் அக்கா ஜெல்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீயும் பெர்னடீனும் குட்டி ரோஷெலும் அந்த டெட்ராய்ட் பனியில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே என் ஜெபம்.

இந்தக் காய்ச்சல் எங்கள் சபையில் பாதிப் பேரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. நானும் வேலைக்குப் போகாமல், சலவைக் கடையில் இஸ்திரி போட ஆளில்லாமல் முதலாளியே பெட்டியைத் தூக்கினாராம். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உடம்பு வலியெல்லாம் போய்விட்டது. நாக்கும் மூக்கும்தான் இன்னும் எழுந்து வரவில்லை. எதைத் தின்றாலும் அட்டையை மெல்வது போல இருக்கிறது. "வரும்மா, மெதுவா வரும்" என்கிறார் டாக்டர்.

பக்கத்து வீட்டு ரூபி நெல் தினமும் சூப் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "எப்படிடி இருக்கு?" என்றாள். "வெந்நீர் மாதிரி இருக்கு" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். பாவம், இந்த ஒரு தடவை அவள்மேல் குற்றமில்லை. அதை அவளிடம் சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை.

தொலைபேசியில் கூப்பிடாதே. நாலு வீட்டுக்கும் ஒரே கம்பி. நான் எடுத்தால் அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. எதுவானாலும் எழுது.

குழந்தைக்கு முத்தம்.

உன் அக்கா,
ஜெல்மா

டெட்ராய்ட்
12 மார்ச் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் கடிதம் கண்டு காய்ச்சல் விட்ட செய்தியில் நிம்மதி. நாக்கு போனதற்கு நீ கவலைப்படாதே. ரூபி நெல்லின் சூப்பைக் குடிக்க வேண்டி வரும் என்று தெரிந்துதான் கர்த்தர் முன்கூட்டியே அதைக் கழற்றி வைத்துவிட்டார். அவள் சூப்பின் ஆபத்து நீங்கியதும் திரும்ப மாட்டிவிடுவார்.

ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் நவம்பரில் நன்றித் திருநாளுக்கு ஊருக்கு வருகிறோம். ஊர்ப் பண்டிகையைப் பார்த்து நாலு வருஷமாகிறது. இங்கே நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது. பெர்னடீன் நல்லவள், ஆனால் வடக்கில் பிறந்தவள். வெள்ளை ரொட்டியைப் பிய்த்து வான்கோழியின் வயிற்றுக்குள் திணித்துவிட்டு, "இதுவும் டிரெஸ்ஸிங்தானே?" என்கிறாள். நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். தொழிற்சாலையில் என்னோடு கார்க் கதவு மாட்டுகிற ஹோரஸ் மிசிசிப்பிக்காரன். அவன் அம்மாவின் டிரெஸ்ஸிங்தான் உலகத்திலேயே உசத்தி என்று தினமும் வம்பிழுக்கிறான். "டேய், நியூ ஹெப்ரான் சபையில என் அக்கா தட்டைத் திறந்தா போதகரே ஜெபத்தை பாதியில நிறுத்திடுவாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்குத் திருநாளன்று வியாழக்கிழமை சபையில் போடுகிற விருந்துகூட வேண்டாம் அக்கா. புதன்கிழமை சாயங்காலம் போதும். டிரெஸ்ஸிங்குக்கு மக்காச்சோள ரொட்டியை உதிர்த்து, கோழி வெந்த சாற்றை ஊற்றி, வெங்காயமும் செலரித் தண்டும் வாசனைக்குச் சேஜ் இலையும் போட்டு நீ பிசைந்ததும், முட்டை விழுவதற்கு முன் எனக்கு ஒரு வாய் நீட்டுவாயே, அதுதான் எனக்குப் பண்டிகை. பச்சை முட்டை விழுந்துவிட்டால் பிறகு யாரும் ருசி பார்க்க முடியாது. என்ன குறையிருந்தாலும் அடுப்போடு போச்சு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
அலோன்சோ

ஹேட்சர்ஸ் பெண்ட்
7 மே 1972

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நாக்கு, மூக்கு பற்றிய பேச்சை இத்தோடு விடு. எல்லாம் சரியாகிவிட்டது. பெர்னடீனின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் மூலிகை எண்ணெய் எல்லாம் அங்கே கிடைக்காது, சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ வருகிற செய்தியைச் சபையில் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. அடுப்பில் பீன்ஸ் வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ரூபி நெல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அடிப் பாவி! வீடே கருகுது, என் வீடு வரைக்கும் நாறுது, நீ பக்கத்துலயே உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருக்கே!" என்று கத்தினாள். பாத்திரம் அடியோடு கரியாகியிருந்தது. கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன் என்று சொன்னேன். கையில் உரித்த பட்டாணியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். நவம்பரில் வரும்போது செவ்வாய்க்கிழமை ராத்திரியே இங்கே வந்து சேருகிற மாதிரி பார். புதன்கிழமை நீ வீட்டில் இருக்க வேண்டும். வெறுமனே, இருந்தால் நன்றாக இருக்கும்.

உன் அக்கா,
ஜெல்மா

ஹேட்சர்ஸ் பெண்ட்
27 ஆகஸ்ட் 1972

அன்புத் தம்பிக்கு,

நலம். மே மாதம் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பள்ளி திறந்துவிட்டதா?

இத்துடன் ஒரு டப்பா டீ கேக் அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த அதே பழைய டீ கேக்தான், எதையும் மாற்றவில்லை. தின்று பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுது. இனிப்பு எப்படி, உப்பு எப்படி, வேறு ஏதாவது கசப்போ புளிப்போ தெரிகிறதா, எல்லாம் எழுது. எனக்கு முகஸ்துதி வேண்டாம் லோனி. முன்பின் தெரியாத ஒருத்தி செய்ததாக நினைத்துக்கொண்டு உள்ளது உள்ளபடி சொல். சீக்கிரம் எழுது. சபையில் அக்டோபரில் யார் யார் என்ன கொண்டுவருவது என்று பேசுவார்கள்.

ஏன் இவ்வளவு கேட்கிறாள் என்று யோசிக்காதே. கிழவியாகிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் அக்கா,
ஜெல்மா

டெட்ராய்ட்
24 செப்டம்பர் 1972

என் அருமை அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புது மாடல் கார் இறங்குகிற காலம், தொழிற்சாலையில் தலை சொறிய நேரமில்லை.

டீ கேக் வந்து சேர்ந்தது. அக்கா, என்ன சொல்ல! உன் கைக்கு ஒரு குறையும் வரவில்லை. இனிப்பு அளவாக, உப்பு அளவாக, எல்லாம் அப்படியே. டப்பா ஒரே நாளில் காலி. பெர்னடீன், "அண்ணி எப்படித்தான் செய்றாங்களோ" என்றாள். ரோஷெல் தின்றுவிட்டுப் பேசவே இல்லை. நீ என்னமோ பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கேட்டிருக்கிறாய். உனக்கு யார் மார்க் போடுவது?

ஒரு சின்ன வருத்தம். நன்றித் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை வேலைக்கு வந்தால் இரட்டைக் கூலி என்று அறிவித்திருக்கிறார்கள். விட மனசில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் காரை எடுத்தால், விடிய விடிய ஓட்டி, வியாழன் பகல் ஆராதனை முடிவதற்குள் வந்துவிடுவேன். நேராகச் சபைக்கே வருகிறோம். புதன்கிழமை நான் இல்லாவிட்டால் என்ன? எனக்கு மீசை முளைக்கும் முன்பிருந்து நீ செய்கிற டிரெஸ்ஸிங். எனக்கு ஒரு பங்கை மட்டும் ரூபி நெல் கண்ணில் படாமல் ஒளித்து வை.

உன் தம்பி,
அலோன்சோ

ஹேட்சர்ஸ் பெண்ட்
15 அக்டோபர் 1972

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. வாசலிலேயே நின்று படித்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

இப்போது சொல்வதற்கென்ன. இந்த வருஷம் டிரெஸ்ஸிங் வேலையை ரூபி நெல்லிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அவள் ரொட்டி மாவில் சர்க்கரை போட்டுக் கெடுக்கிறவள்தான், என்ன செய்ய. சபைச் சமையலைக் கவனிக்கிற சகோதரி எர்லீனிடம் அதைச் சொல்ல வாய் திறக்கப் போனேன். உன் கடிதத்துக்காகத்தான் ஒரு வாரம் பொறுத்தேன். டீ கேக் நன்றாக இருந்தது என்று நீ எழுதிவிட்டாய். அது போதும். கை மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். "எப்பவும் போல நானே கொண்டுவர்றேன்" என்று போன ஞாயிறு சொல்லிவிட்டேன்.

நம் சபையைத்தான் உனக்குத் தெரியுமே. வில்லா மே கொண்டுவந்த கோழி உள்ளே பச்சையாக இருந்த வருஷத்திலிருந்து அவளிடம் காகிதத் தட்டும் ஐஸ் கட்டியும்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள். யாரும் திட்டமாட்டார்கள். "நீங்க சிரமப்படாதீங்க, தட்டு மட்டும் வாங்கிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். செத்துப்போகலாம் அதற்கு.

புதன்கிழமை வர முடியாதது பற்றி ஒன்றும் நினைக்காதே. இரட்டைக் கூலியை விடக் கூடாதுதான். வண்டியை நிதானமாக ஓட்டு.

உன் அக்கா,
ஜெல்மா

டெட்ராய்ட்
3 டிசம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீ நலமா? எங்களை வழியனுப்பும்போதுகூட நீ கார் கண்ணாடியைத்தான் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. ஆகவே கேட்கிறேன், நீ நலமா?

அன்று சபைக் கூடத்தில் உன் டிரெஸ்ஸிங்கில் முதல் வாயை நான் போட்டபோது எதிரே நீ நின்றுகொண்டிருந்தாய். நாக்கெல்லாம் கசந்தது. சேஜ் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மேஜை முழுவதும் ஆட்கள் மென்றுகொண்டே ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நிலைமையைச் சமாளிக்கத்தான் அக்கா அந்த வேடிக்கையைச் சொன்னேன். "என்னக்கா, தோட்டத்துச் செடிய வேரோட புடுங்கிப் போட்டுட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ரோஷெலுக்கு ஏழு வயசு. எங்கே என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. "இதுவும் அத்தை அனுப்பின கேக் மாதிரியே கசக்குதுப்பா. நீங்க அப்படியே டப்பாவோட குப்பையில போட்டீங்களே, அது மாதிரி" என்று அவள் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். ரூபி நெல்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நீ மட்டும் குழந்தை பக்கத்தில் குனிந்து, "அப்படியாடா தங்கம்? ரொம்பக் கசந்துச்சா?" என்று கேட்டாய். அவள் தலையாட்டினாள். நீ தட்டை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாய்.

உண்மைதான். டீ கேக் சோப்பு மாதிரி இருந்தது. சமையல் சோடாவை இரண்டு தடவை போட்டிருப்பாய் போல. உன் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். ஆனைக்கும் அடி சறுக்கும், ஒரு டப்பா கேக்குக்காகவா அக்காவைக் குறை சொல்வது என்று நினைத்தேன். நீயானாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

ஒரு வரி எழுது.

அலோன்சோ

டெட்ராய்ட்
7 ஜனவரி 1973

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் புத்தாண்டு வாழ்த்து. கிறிஸ்துமஸுக்கு உன் வாழ்த்து அட்டை வரும் என்று ரோஷெல் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். வருஷப் பிறப்புக்குக் காராமணியும் கீரையும் சமைத்தோம். யார் ருசி பார்ப்பது என்று வந்தபோது பெர்னடீன் என்னிடம் கரண்டியைத் தரவில்லை. சிரித்துக்கொண்டேதான் தரவில்லை.

உனக்கு உடம்பு சரியில்லையா அக்கா? அதையாவது எழுது. தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை, ரூபி நெல் எடுத்தாள். "ஜெல்மா நல்லா இருக்கா. அவளுக்குப் பேச வேண்டாமாம். நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றாள். அவள் குரலில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி,
அலோன்சோ

ஹேட்சர்ஸ் பெண்ட்
11 மார்ச் 1973

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். சலவைக் கடைக்கும் போகிறேன். பெர்னடீனுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

போன வருஷம் பிப்ரவரிக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு நாக்கும் மூக்கும் திரும்ப வரவே இல்லை. காபியும் வெந்நீரும் எனக்கு ஒன்று. பீன்ஸ் கருகியபோது நான் தூங்கவில்லை. வாசம் தெரியவில்லை. டாக்டர் இனி வராது என்று சொல்லிவிட்டார். உனக்கு மே மாதம் பொய் எழுதினேன். நானும் எழுதினேன், நீயும் எழுதினாய். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யாரிடமாவது சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறே சபை முழுக்க 'ஐயோ பாவம் ஜெல்மா' என்று ஆகியிருக்கும். உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். புதன்கிழமை நீ வந்தால், பிசைந்ததும் எப்போதும் போல ஒரு வாய் நீட்டுவேன். எப்போதும் போல நீ சொல்வாய். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். அவ்வளவுதான் என் சூழ்ச்சி.

நம் வீட்டில் யாரும் சேஜை அளந்து போட்டதில்லை. கசக்கிப் போட்டுக்கொண்டே இருப்போம், வாசம் எழும்புகிற இடத்தில் கை நின்றுவிடும். கைக்குத்தான் அளவு தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அளவு தெரிந்தது மூக்குக்கு. அன்று கை நிற்கவே இல்லை லோனி. போதுமா, போதாதா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. உன் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். டீ கேக் சரியாக வந்திருக்கிறது, இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று முட்டையை உடைத்து ஊற்றிவிட்டேன்.

உன்னிடம் நான் பாராட்டா கேட்டேன்? நாக்கைத்தானே இரவல் கேட்டேன். கசக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே ரூபி நெல் வீட்டுக்குப் போய், "இனிமே நீ செய்டி, எனக்கு முடியல" என்று நல்ல வார்த்தை சொல்லி வேலையை ஒப்படைத்திருப்பேன். நான் என் கையால் கொடுப்பது வேறு. நீ வேடிக்கை பண்ணி, ஊர் சிரித்து, என் கையிலிருந்து போவது வேறு. என் மனசு நோகக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். நோகட்டுமே. வீட்டுக்குள் நொந்துகொண்டு போயிருப்பேன்.

ஈஸ்டர் விருந்துக்கு சகோதரி எர்லீன் வந்து சொல்லிவிட்டுப் போனார். "நீங்க சிரமப்படாதீங்க ஜெல்மா. தட்டு மட்டும் வாங்கிட்டு வாங்க."

குழந்தையைத் திட்டாதே. அன்று அந்தக் கூடத்தில் என்னிடம் நிஜம் பேசியது அவள் ஒருத்திதான்.

ஜெல்மா

ஹேட்சர்ஸ் பெண்ட்
4 நவம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

சுகம். மார்ச்சுக்குப் பிறகு நீ எழுதிய ஐந்து கடிதங்களும் வந்தன. பதில் எழுதாததற்குக் கோபம் காரணமல்ல என்று எழுத உட்கார்ந்தேன். பொய் வேண்டாம், கோபம்தான். இப்போது குறைந்திருக்கிறது.

வருவதானால் செவ்வாய்க்கிழமையே வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. சபைக்கு ரூபி நெல் செய்கிறாள். நமக்கு மட்டும் வீட்டில் ஒரு சின்னத் தட்டு செய்யலாம் என்று இருக்கிறேன். பழைய இரும்புச் சட்டியை எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் கிடைப்பதே கஷ்டம் என்கிறார்கள், பார்த்து வா.

ரோஷெலை விட்டுவிட்டு வராதே.

உன் அக்கா,
ஜெல்மா

டெட்ராய்ட்
2 டிசம்பர் 1973

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் போன ஞாயிறு வந்து சேர்ந்தோம். பெட்ரோல் வரிசையில் நின்ற நேரம்தான் பயண நேரத்தை விட அதிகம். எல்லோரும் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

சபையில் நீ காகிதத் தட்டுகளை அடுக்கிவிட்டு ஓரமாக நின்றதைப் பார்த்தேன். ரூபி நெல் தன் டிரெஸ்ஸிங்கை முதலில் உனக்குத்தான் வைத்தாள். "எப்படிடி இருக்கு? நிஜத்தைச் சொல்லு" என்று அவள் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுடி. எனக்கு எதுவுமே தெரியறதில்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் சரியாக ஒரு வரி எழுதியிருந்தால், இதை நீ உனக்குப் பிடித்த நேரத்தில், உனக்குப் பிடித்த மாதிரி சொல்லியிருப்பாய்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது புதன்கிழமையைப் பற்றி. ரொட்டியை உதிர்த்தாய், சாறு ஊற்றினாய், பிசைந்தாய். முட்டை நாலும் பக்கத்திலேயே இருந்தன. கரண்டியில் ஒரு வாய் எடுத்து என்னிடம் நீட்டினாய். நான் நன்றாக மென்று, பொறுமையாக, "உப்பு சரியா இருக்குக்கா. சேஜ் இன்னும் ஒரு சிட்டிகை தாங்கும்" என்றேன். அத்தனையும் நிஜம். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் ருசி பார்த்ததில்லை.

நீ சேஜ் டப்பாவைக் கையில் எடுத்தாய். மூடியைத் திறக்கவில்லை. திரும்பி ரோஷெலைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தாய். "நீ சொல்லுடி தங்கம்" என்றாய். அவள் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "அப்பா சொன்னது சரிதான் அத்தை" என்றாள். அதன் பிறகுதான் மூடி திறந்தது.

நீ அதை என்னைக் குத்துவதற்காகச் செய்யவில்லை. யோசித்துக்கூடச் செய்யவில்லை. மழை வருமா என்று ஜன்னலைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாய். நான் காரைத் துடைப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். பெர்னடீன் வந்து என்ன என்று கேட்டாள். குளிர் என்றேன்.

அந்த டிரெஸ்ஸிங் நன்றாக இருந்தது அக்கா. மேலே மொறுமொறுவென்று, உள்ளே குழையாமல், எல்லாம் அளவாக இருந்தது. இதையே நான் போன வருஷமும் ஒரு டப்பா கேக்குக்கு எழுதியிருக்கிறேன், அதனால் இதை எந்த வார்த்தையில் எழுதினால் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ரோஷெலைக் கீழே ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

உன் தம்பி,
அலோன்சோ

அத்தை, நல்லா இருந்துச்சு. நிஜமாத்தான். அப்பா சொல்லி எழுதல.
ரோஷெல்